காசுத்தாளும் வார்ப்பணப்பையும்

நம் மூத்தோர் மடியில் செருகிய கொட்டைப்பெட்டி சில்லறைக்கு உகந்தது, காசுத்தாளுக்கு அன்று. நான்காய் மடித்த தாள், மடிப்புகள் சந்திக்கும் நடுவிடத்திலேயே முதலில் துளைபடும். இக்காலத்துச் சிறிய வார்ப்பணப்பைகள் சிலவற்றிலோ இறப்பர் வார் தாளையே இறுக்கி ஓரங்களைக் கசக்குகின்றது. கிழிந்த தாளைக் கடைக்காரர் மறுத்தால், செல்வர் வேறொன்றை எடுத்து நீட்டுவர்; அன்றாடக் கூலியாளர் யாது செய்வர்? வார் அழுத்த வேண்டியது மட்டையையே, தாளையன்று என்பது எமது துணிபு. 2011 இல் வெளிவந்த ஆயிரம் ரூபாத் தாள் 148 மில்லிமீற்றர் நீளமும் 67 மில்லிமீற்றர் அகலமும் உடையது. ஒருமுறை மடிப்பின் நீளம் 74 ஆகும். ஆதலின், 80 மில்லிமீற்றர் நீளமும் 72 அகலமுமான இரு தடித்த தோல் மட்டைகளும், அவற்றைச் சுற்றும் அகன்ற துணிவாரும் போதும் என்போம். இதனினும் சிறிய பையை நாம் வேண்டோம்.