மாவுக்கட்டும் மர்மக் கணக்கும்

எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போடும் முறையை 1852-இல் எழுதி வெளியிட்டவர் மத்தைசன் என்ற டச்சு ராணுவ டாக்டர். ஜிப்சத்தைச் சுட்டுப் பொடித்த மாவு, வலைத்துணி, ஒரு வாளித் தண்ணீர். இவ்வளவுதான் சரக்கு. 170 ஆண்டுகளுக்கு மேலாகியும் சரக்கு மாறவில்லை, பில்தான் மாறிவிட்டது.

மும்பையில் நம் தோழர்கள் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவரும் தனியார் ஆஸ்பத்திரி பில்களைப் பார்த்து வருகிறோம். கட்டுப் போட்டதற்கு ஒரு கட்டணம். பிறகு மாவுச்சுருளுக்குத் தனி, பஞ்சுக்குத் தனி, எக்ஸ்ரே பிலிமுக்குத் தனி. எல்லாவற்றுக்கும் அடியில் 'இதரப் பொருட்கள்' என்று மொத்தமாக இன்னொரு தொகை! முன்கைக்கு ஏறக்குறைய இரண்டு மூன்று சுருள் ஆகும். பில்லில் எண்ணிக்கையே இருப்பதில்லை. பைபர் கட்டு லேசானது, சீக்கிரம் இறுகும், விலையோ பல மடங்கு. டாக்டர் அவசியம் என்றால் போடட்டும். ஆனால் விலையைச் சொல்லிக் கேட்ட பிறகல்லவா போடவேண்டும்? சாரத்திலிருந்து விழுந்து வலியில் துடிப்பவனுக்கு ஆங்கிலத்தில் பில், இந்தியில் விளக்கம்!

சயான், கே.ஈ.எம். போன்ற மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் செலவு சொற்பமே. ஆனால் அங்கே காத்திருந்தால் கூலி போய்விடுமே என்று தெருமுனை நர்சிங் ஹோமுக்கு ஓடுகிறார்கள் நம் மக்கள். ஒரு நாள் கூலியைக் காப்பாற்றப்போய் ஒரு மாதக் கூலியை இழக்கிறார்கள்.

கொள்ளை என்று நாம் மட்டுமா சொல்கிறோம்? தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2018-இல் தலைநகர் வட்டாரத்தின் நான்கு தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களை ஆராய்ந்தது. மருந்து, சாமான்கள், பரிசோதனைகளில் லாபம் 1,737 சதவீதம் வரை போயிருந்தது. ஆஸ்பத்திரிகள் மலிவாக வாங்கிக்கொண்டு, உறைமேல் அதிக விலை அச்சிடச் செய்கின்றன. 2020 ஏப்ரலுக்குப் பின் எல்லா மருத்துவச் சாதனங்களுக்கும் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் அந்த விலையை உயர்த்தக் கூடாது என்ற விதி உண்டு. முதலிலேயே உயர்த்தி அச்சிட்டவனை அந்த விதி என்ன செய்யும்?

பாலிசி வைத்திருப்பவரும் தப்பவில்லை. பாலிசிப் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களிலுள்ள பட்டியலைப் படியுங்கள். பஞ்சு, துணிக்கட்டு, எக்ஸ்ரே பிலிம் ஆகியவை சிகிச்சைக் கட்டணத்திலேயே அடங்கியவை என்று அதில் இருக்கிறது. கிரேப் கட்டு, கைத்தூளி போன்றவற்றுக்குப் பணமே கிடையாது. ஆஸ்பத்திரி தனியாகப் போடுகிறது, கம்பெனி தனியாக வெட்டுகிறது. நடுவில் நிற்பவன் தொழிலாளி.

ஆஸ்பத்திரி மருந்துக்கடையிலேயே வாங்கவேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்த வழக்கில், 2025 மார்ச்சில் உச்சநீதிமன்றம் மாநில அரசுகளே கொள்கை வகுக்கட்டும் என்று முடித்துவிட்டது. எனவே மகாராஷ்டிர அரசை நாம் கேட்கிறோம்: மாவுக்கட்டுக்குச் சாமானும் கூலியும் சேர்த்து ஒரே கட்டணம் நிர்ணயித்து, வாசலில் மராத்தியிலும் இந்தியிலும் எழுதி வைக்கச் செய்யுங்கள். தனித்தனியாகத்தான் போடுவார்களென்றால் சுருளின் அளவும் எண்ணிக்கையும் பில்லில் இருக்கட்டும்.

தோழர்களுக்கு ஒன்று. வேலையின்போது பட்ட காயத்துக்கு ஆன உண்மைச் செலவை முதலாளி தரவேண்டும். 2009 திருத்தத்தில் சட்டமான உரிமை இது. கான்ட்ராக்டர் கையில் ஐந்நூறு ரூபாயைத் திணித்து ஊருக்கு ரயிலேற்றப் பார்ப்பார். உங்கள் பெயரில், விவரத்துடன், முத்திரையிட்ட ரசீது இல்லாவிட்டால் அவரிடம் எதைக் காட்டுவீர்கள்? துண்டுச் சீட்டை வாங்காதீர்கள். ரசீதோடு எக்ஸ்ரேயையும் டாக்டர் சீட்டையும் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். மனு எழுத ஆள் இருக்கிறது. நகல் எடுத்துக்கொண்டு அசலை உங்களிடமே தருவோம்.