‘கண் பார்ப்பதில்லை’ என்று எழுதும் முன்

ஆட்டிசச் சான்றுக்கு நாம் பயன்படுத்தும் இந்திய அளவுகோலான ‘ஐசா’வில் 40 கேள்விகள். முதலாவதே கண் பார்ப்பதைப் பற்றியது. நாற்பதும் பிள்ளையைப் பற்றியவை. எதிரே உட்கார்ந்தவர் எப்படிப் பேசினார், எவ்வளவு பொறுத்தார் என்பதற்கு அதில் கட்டம் இல்லை. சான்றுக்கான கருவியிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. நம் அன்றாடப் பயிற்சிக் குறிப்பேட்டுக்கும், பிள்ளையை மட்டுமே பதியும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டதுதான் சிக்கல்.

ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-இல், ஆட்டிசம் உள்ளவரும் இல்லாதவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தடுமாறுவதற்கு ‘இரட்டை ஒத்துணர்வுச் சிக்கல்’ என்று பெயரிட்டார். புரியாமை இரு பக்கமும் உண்டு என்பது அவர் வாதம். கேத்தரின் கிராம்ப்டன் குழு 2020-இல் அதைச் சோதித்தது. ஒருவர் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். இப்படி எட்டுப் பேர். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசை, ஆட்டிசம் இல்லாதவர்களின் வரிசைக்கு இணையாகக் கதையைக் கடத்தியது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் விவரங்கள் வேகமாக உதிர்ந்தன. 2025-இல் அதே சோதனையை 300 பேருக்கு மேல் வைத்துச் செய்தபோது கலப்பு வரிசையும் சளைக்கவில்லை. ஆக, கோட்பாட்டை வேதவாக்காக்க வேண்டாம். பங்கேற்றவர்கள் பேசத் தெரிந்த பெரியவர்கள். நம்மிடம் வருவோரில் பலர் பேசாத பிள்ளைகள்.

ஆனாலும் செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் ஆயும் ஒரு வீட்டைப் பாருங்கள். பேரன் வெங்காயத்தைப் பெரிது சிறிதாக வரிசை வைக்கிறான். அம்மாச்சி அவன் முகவாயைப் பிடித்து, ‘இங்க பாருடா’ என்று திருப்புவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வரிசையில் அடுத்து வரவேண்டிய வெங்காயத்தை நீட்டுகிறார். வாங்கி வைத்துவிட்டு, நிமிராமலே அடுத்ததற்குக் கை நீட்டுகிறான். இதையே நாம் ‘முறை மாற்றி ஆடுதல்’ என்று இலக்கு எழுதி மாதக்கணக்கில் பழக்குகிறோம்! அரியலூர்ச் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரி போகும்போது காதைப் பொத்தும் பிள்ளைக்கோ, ‘கூப்பிட்டால் திரும்புவதில்லை’ என்று குறிப்பு விழுகிறது. லாரி குறிப்பில் வருவதில்லை.

இந்த மாதம் முதல் குறிப்பேட்டில் ஒரு பத்தி கூட்டுங்கள். பிள்ளை செய்ததற்குப் பக்கத்தில், அதற்கு முன் நாம் செய்தது: எப்படிக் கூப்பிட்டோம், எவ்வளவு நேரம் காத்திருந்தோம், அறையில் என்ன சத்தம், வீட்டில் யார் அழைத்தால் வருகிறான். அடையாளம் நீக்கிய பக்கங்களை, பெற்றோர் சம்மதத்தோடு எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.