கொழுந்துக்குக் கணக்கு உண்டு, ஆற்றுக்கு?



தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளி பறிக்கும் கொழுந்து நிறுக்கப்பட்டு, கிலோ கணக்கில் ஏட்டில் ஏறுகிறது. அவர் குடியிருக்கும் லயத்தருகே ஓடும் ஆறு எந்நாளில் செம்மண்ணாய்க் கலங்கியது என்பதைக் குறிக்கும் ஏடு மட்டும் அவர் கையில் இல்லை.

கேமரன் மலையில் இது வெறும் அறிவியல் ஆர்வத்துக்குரிய செய்தியன்று. 2013 அக்டோபர் 23 அதிகாலையில், கனமழையால் நிரம்பிய சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. காடழித்த சரிவுகளிலிருந்து இறங்கிய மண், பல ஆண்டுகளாக ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் படிந்து அதன் கொள்ளளவைக் குறைத்திருந்தது. அம்மண் ஓரிரவில் வந்ததன்று. ஆறு நிறம் மாறுவதை நாள்தோறும் கண்டவர்கள் கரையோர எளியோர். அவர்களை யாரும் கேட்கவில்லை என்பதே என் மனக்குறை.

கண்டதைச் சான்றாக்கும் வழியைத் தமிழகத்தின் கடலூர் காட்டியுள்ளது. 2004இல் அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த சிற்றூர் மக்கள் பயிற்சி பெற்றுச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாயினர். எந்நேரம், எவ்விடத்தில், என்ன நாற்றம் எனக் குறித்தனர். நெகிழி வாளிக்குள் பை பொருத்திய எளிய கருவியால் காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினர். நாற்றமடிக்கிறது என்னும் முறையீட்டை அதிகாரிகள் தட்டிக்கழிக்கலாம். வேதிப்பொருளின் பெயரும் அளவும் எழுதிய தாளை அவ்வாறு தள்ள இயலாது. உச்ச நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழுவின் கவனத்தையும் அப்பதிவுகள் ஈர்த்தன.

நம் மலையிலும் 2001இல் தோன்றிய ரீச் என்னும் தன்னார்வ அமைப்பு இயற்கையைக் காக்கக் குரல் கொடுத்துள்ளது. அக்குரலுக்குத் தோட்டத்து ஏடுகள் துணைநிற்கலாம். ஒரு மழைமானி, கலங்கலை ஒப்பிட ஒரு கண்ணாடிப் புட்டி, ஒரு குறிப்பேடு. ஐந்தாம் ஆண்டு மாணவருக்கு இவை போதும். பிள்ளைகளின் அளவை நம்பலாமா என்பர். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், இருவர் தனித்தனியே அளந்து ஒப்பிட்டால் நம்பலாம். (மாணவர் அளவில் ஏமாற்றுவது அரிது, அழகுக்காக எண்ணை முழுமையாக்குவதுதான் அவர்கள் வழக்கம், அதைத் திருத்திவிடலாம்!)

குறிப்பேடு தமிழிலும் மலாயிலும் மட்டும் இருந்தால் போதாது. இன்று கொழுந்தெடுப்போரில் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் உளர். அதே ஆறுகளை நம்பிச் செமாய் பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்களுக்கும் அவரவர் மொழியில் இடம் வேண்டும்.

இவர்களைக் கூலியில்லா அளவையாளராக்கிவிட்டு, முடிவை மட்டும் அலுவலக அறையில் எடுப்பதானால் எனக்கு உடன்பாடில்லை. மலைச்சரிவை வெட்ட அனுமதி வழங்குமுன், மாவட்ட மன்றம் அக்குறிப்பேட்டைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். ஏற்கவில்லையெனில், காரணத்தை எழுத்தில் லயத்துக்கு அனுப்ப வேண்டும்.