"இயற்கைதானே"ன்னு போத்தலைக் கை மாத்தாதீங்க



கொஞ்ச நாளா கோவில் வாட்சாப்பிலும் அன்னதான வரிசையிலும் ஒரு பேச்சு ஓடுது. மனச்சோர்வுக்கு எத்தனை மாத்திரை சாப்பிட்டும் குணம் தெரியாதவங்களுக்கு, "5-எச்டிபி வாங்கிக் குடுங்க, இயற்கையானது, ஒண்ணும் செய்யாது"ங்கிறாங்க. நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனாலும் தொண்டர்களாகிய நாங்கள் இதை ஏத்துக்க முடியாது.

நம்ம உடம்பு டிரிப்டோஃபான் என்கிற அமினோ அமிலத்தை 5-எச்டிபியா மாத்தி, அதிலிருந்து செரட்டோனின் செய்யுது. டாக்டர் கொடுக்கிற ஃப்ளூவோக்செடின், செர்ட்ராலின் மாத்திரைகளும் அதே செரட்டோனின் மேலதான் வேலை செய்யுது. ரெண்டும் சேர்ந்தா அளவு மீறலாம். நடுக்கம், வேர்வை, படபடப்பு, பேதி, காய்ச்சல், குழப்பம் வரும். முத்திப்போனா உயிருக்கே ஆபத்து. உடனே 999 கூப்பிடணும். வலிக்குக் கொடுக்கிற டிரமடோலோடும் இதே பிரச்சனை உண்டு.

எங்களில் பலர் ஃபேக்டரியில் வேலை செய்றோம். கிளோரின் தண்ணியும் டாய்லெட் ஆசிட்டும் தனித்தனியா இருந்தா சுத்தம் பண்ணும், கலந்தா விஷப்புகை. இதுவும் அப்படித்தான்.

"அப்போ மாத்திரையை நிறுத்திடலாமே"ன்னு கேக்காதீங்க. திடீர்னு நிறுத்தினா நோய் திரும்பி வரலாம், தலைசுத்தல், தூக்கமின்மையும் சேரலாம். ஃப்ளூவோக்செடின் நிறுத்தின பிறகும் பல வாரம் உடம்பிலேயே இருக்கும்.

இயற்கைங்கிற பேரும் காவல் இல்லை. 1989-ல் அமெரிக்காவில் டிரிப்டோஃபான் மாத்திரையால் 1,500 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டாங்க, 30 பேருக்கு மேல் செத்தாங்க. ஒரு கம்பெனி தயாரிப்பில் கலந்திருந்த மாசுதான் காரணம்னு விசாரணை காட்டிச்சு. அதனால நம்ம நாட்டில் வாங்கும்போது எம்ஏஎல் பதிவு எண் இருக்கான்னு பாருங்க. எண் இருந்தாலும், உங்க மாத்திரையோடு ஒத்துப்போகும்னு அது சொல்லாது.

எங்களுக்குப் பெரிய கவலை வேறு. "பைத்தியம்"னு பேசுவாங்கன்னு பயந்து, நம்மில் பலர் மாத்திரை சாப்பிடுறதையே மறைக்கிறோம். அப்போ போத்தல் கொடுக்கிறவருக்கு, வாங்குறவர் ஏற்கனவே என்ன சாப்பிடுறார்னு எப்படித் தெரியும்?

இந்த மாதிரி சத்து மாத்திரையே கூடாதுன்னு நாங்கள் சொல்லலை. வீட்டிலுள்ள எல்லாப் போத்தலையும் ஒரு பையில் போட்டு டாக்டர்கிட்ட காட்டி, கேட்டுட்டு சாப்பிடுங்க. ஒரு மாத்திரை வேலை செய்ய 4 முதல் 6 வாரம் ஆகலாம். ரெண்டு மருந்து சரியான அளவில், போதுமான நாள் சாப்பிட்டும் சரியாகலைன்னாலும் வழி இருக்கு. மருந்தை மாத்துவாங்க, இன்னொண்ணு சேர்ப்பாங்க, கவுன்சலிங் கொடுப்பாங்க. அர்ச்சனையும் செய்ங்க, அப்பாயின்மெண்டையும் விடாதீங்க.

மனசு தாங்கலைன்னா தாலியான் ஹீல் 15555-க்கு அழைங்க. கிளினிக்குப் போகத் துணை வேணும்னா வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு எங்களில் யாரிடமாவது சொல்லுங்க அண்ணே, அக்கா. கூட வர்றோம். பேர் வெளியே போகாது.

அன்புடன்,
ஆலயத் தொண்டர்கள்