கொள்ளிவட்டமும் ஒளிப்பலகையும்

செவ்வாய்க்கிழமைகளில் சிறுவாபுரி முருகனையும், அமாவாசை நாள்களில் திருவள்ளூர் வீரராகவப் பெருமாளையும் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள், எழுத்துகள் ஒளியாய் ஓடும் பலகைகளை வழியில் கண்டிருப்பீர்கள். இரயில் நிலையங்களிலும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஆலை வாயில்களிலும் அவை இன்று சாதாரணம். அத்தகைய பலகையைப் பள்ளிப் பிள்ளைகளே இப்போது கூடிச் செய்கிறார்கள். நிதி ஆயோக் 2016-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ், 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக நாடெங்கும் பள்ளிகளில் 'அடல் டிங்கரிங் ஆய்வகங்கள்' அமைந்துள்ளன. எல்.ஈ.டி. விளக்குகளை இயக்குவது அங்கே தொடக்கப் பாடங்களுள் ஒன்று.

இதற்கு உதவும் 'ராஸ்பெரி பை' என்னும் கணினி, ஏறத்தாழ வங்கி அட்டை அளவே உள்ளது. மாணவர்கள் கணினியியல் பயில வேண்டுமென்றே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாக்கப்பட்டு, 2012-இல் விற்பனைக்கு வந்தது. அதனுடன் ஓர் உணரியை இணைத்துவிட்டால், நாம் கையை நீட்டியதும் பலகையில் படம் மாறும்.

இந்தப் பலகைக்குள் ஓர் இரகசியம் உண்டு. 64 பத்தி, 32 வரிசை கொண்ட பலகையில் 2,048 ஒளிப்புள்ளிகள். அவை அனைத்தும் ஒருசேர எரிவதில்லை. ஒரு நேரத்தில் இரண்டே வரிசைகள் எரிந்து அணைய, அடுத்த இரண்டு எரியும். இப்படிப் பதினாறு முறை மாறினால் ஒரு சுற்று. அது கணப்பொழுதில் மீண்டும் மீண்டும் நிகழ்வதால், நம் கண் அதனை அசையாத ஒரே படமாகக் கொள்கிறது.

கார்த்திகைத் திருநாளில் மாவளி சுற்றியவர்களுக்கு இது புதிதன்று. பனம்பூக் கரி பொதிந்த சிறு பொதியைக் கயிற்றில் கட்டிச் சுழற்றினால், இருளில் நெருப்பு வட்டம் தோன்றும். கை நின்றால் வட்டம் இல்லை. எஞ்சுவது கனல் ஒன்றே.

ஆதிசங்கரரின் குருவுக்குக் குருவெனப் போற்றப்படும் கௌடபாதர், மாண்டூக்ய காரிகையில் இதனையே உவமையாக்கினார். நூறு சுலோகங்கள் கொண்ட அதன் நான்காம் பகுதிக்கு 'அலாதசாந்தி', அதாவது கொள்ளியின் ஓய்வு, என்றே பெயர். சுழலும் கொள்ளி நேராகவும் வளைவாகவும் தோன்றுவதுபோல, அசையும் அறிவே காண்பான் என்றும் காணப்படும் பொருள் என்றும் தோன்றுகிறது. கொள்ளி நின்றபோது அவ்வடிவங்கள் வேறெங்கும் போய்விடவில்லை. வேறெங்கிருந்தும் வந்தவையும் அல்ல என்பது அவர் காட்டும் நுட்பம்.

அப்படியானால் உலகம் வெறுக்கத்தக்கதா? அன்று. ஒளிப்பலகையின் எழுத்து வெறும் தோற்றம் என்று அறிந்தபின்னும், அதைப் படித்துத்தானே நம் இரயில் எந்த நடைமேடைக்கு வருகிறது என்று தெரிந்துகொள்கிறோம்? பதவி, உறவு, சேமிப்பு எல்லாம் அவ்வாறே. பயன்படும் வரை பயன்படுத்தலாம். அவை நிலைக்கும் என்று நம்பும்போதுதான் முதுமையில் துயரம் மிகுகிறது. பணி ஓய்வு பெற்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உங்கள் பேரனோ பேத்தியோ கம்பியும் விளக்குமாக அமர்ந்திருந்தால், "படிப்பை விட்டு விளையாட்டா?" என்று கடிந்துகொள்ளாதீர்கள். அருகில் அமர்ந்து, வரிசைக்கும் வரிசைக்கும் இடையே சற்றுத் தாமதம் வைக்கச் சொல்லுங்கள். எழுத்து கலைந்து, ஒளிக்கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குவதைக் காண்பீர்கள். நிதானமாகச் செய்யும் ஜபத்தில் மனத்தின் ஓட்டமும் அவ்வாறே மெல்லப் புலப்படும். அதன்பின் கௌடபாதரின் கொள்ளியைப் பற்றிக் குழந்தைக்குச் சொல்லுங்கள். அந்தப் பாடத்தைப் பள்ளியில் எதிர்பார்க்க இயலாது; வீட்டுப் பெரியவர்கள்தாம் சொல்லித்தர வேண்டும்.