பொங்கோல் நண்டு நம் சட்டியில்

சிங்கப்பூருக்குப் போய் வந்த உறவினர்கள், "பொங்கோலில் நண்டு சாப்பிட்டோம்" என்று ஒரு காலத்தில் பெருமையடிப்பார்கள். வடகிழக்குக் கரையோரத்து மீனவக் கம்பம் அது. 1990களின் நடுவில் அந்தக் கடைகள் போய், அடுக்குமாடி வீடுகள் எழும்பின. இப்போது முனையில் மறுபடியும் கடைகள் உண்டு. விலையைக் கேட்டாலே பசி அடங்கிவிடும்!

ஆனால் சகோதரிகளே, மிளகாய் நண்டு பிறந்ததே வீட்டு அடுப்பில்தான். செர் யாம் தியான் என்ற சீன மாது, அவித்த நண்டு அலுத்துப்போன கணவருக்காகச் செய்து பார்த்தது. 1956-இல் தள்ளுவண்டிக்கு வந்தது. முட்டை ஊற்றுவது பின்னால் வேறொரு சமையற்காரர் சேர்த்தது.

சம்பள வாரத்தில் இரண்டு சேற்று நண்டு வாங்குங்கள், நாலு பேருக்குப் போதும். உயிரோடு இருக்கவேண்டும்; செத்தது மலிவென்று வாங்கினால், மிச்சம் பிடித்த காசு டாக்டருக்குப் போகும். அடிவயிற்று ஓட்டை அழுத்தினால் அமுங்கக்கூடாது. அமுங்கினால் சதை இல்லை. அரைமணி நேரம் ஐஸில் புதைத்தால் மரத்துப்போகும். பிறகு வெட்டி, பஞ்சு போன்ற செவுளை எடுத்தெறியுங்கள்.

இஞ்சி, பூண்டு, ஊறிய காய்ந்த மிளகாய் அரைத்து எண்ணெயில் வதக்கி, நண்டைப் போட்டு, கொஞ்சம் நீர் விட்டு மூடுங்கள். ஓடு நன்கு சிவந்து சதை வெந்ததும் தக்காளி சாஸ், மிளகாய் சாஸ், துளி சீனி. இறக்கும்போது ஒரு முட்டையை அடித்து ஊற்றிக் கிளறுங்கள்.

கடையில் பொரித்த மண்டோ தருவார்கள். நமக்கு ரொட்டியே போதும். சின்னக் கால்களை முதலிலேயே ஒதுக்கி வைத்தால், மறுவேளைக்கு மிளகு தட்டிப்போட்ட நண்டு ரசம்.