‘கவனக்குறைவு’ யாருடையது?

தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய பட்டறைகளிலாகட்டும், செம்பூர்ச் சந்துகளிலாகட்டும், கை கிரைண்டரால் ஒருவருக்கு விரல் போனால் காரணம் ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது: ‘கவனக்குறைவு’. யாருடைய குறைவு என்று எவரும் கேட்பதில்லை. கருவியைப் பிடித்திருந்தவருடையது என்பது சொல்லாமலே விளங்குகிறது. (‘விரல் துண்டிக்கப்பட்டது’ என்னும் செயப்பாட்டு வினையும் இதே ஊழியத்தைத்தான் செய்கிறது.)

நான்கு அங்குல வட்டு நிமிடத்திற்கு ஏறத்தாழ 11,000 முறை சுழல்கிறது. அதன் விளிம்பு வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். வெட்டுக்கோட்டில் வட்டு சிக்கினால் கருவி உதைத்துத் திரும்பும்; கீறல் விட்ட வட்டு சிதறினால் துண்டுகள் அவ்வேகத்திலேயே பறக்கும். இமைக்கும் முன் முடிந்துவிடும் அந்நிகழ்வில் கவனத்திற்கு என்ன வேலை? அங்கே காக்க வல்லவை காவல் மூடியும், பக்கக் கைப்பிடியும், கண்ணாடியுமே.

மூடியைக் கழற்றியவர் தொழிலாளிதானே என்பர். பல இடங்களில் உண்மைதான். ஆனால் உருப்படிக் கணக்கில் கூலி பேசியவர் யார்? மூடியோடு எட்டாத மூலைக்கு வேறு கருவி வாங்கித் தராதவர் யார்? மரம் அறுக்கும் பல்வட்டை அதே கிரைண்டரில் மாட்டச் சொன்னவர் யார்?

சட்டத்திடம் போகலாம் என்றால், 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் கண்காப்புக்கென்றே 35ஆம் பிரிவை ஒதுக்கியது. ஆயின் மின்விசை கொண்ட இடத்தில் குறைந்தது 10 பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அவ்வெண்ணை 20 ஆக உயர்த்திற்று. ஐவர் குனிந்து நிற்கும் தாராவிப் பட்டறை இரண்டு கணக்கிலும் வராது.